கால்மாட்டுக் கதவு

எரிந்த பெட்டி திரும்பி வந்து குறை சொல்லாது. தச்சர் அரைநூல், சவப்பெட்டி செய்ய வந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான். காலையில் பட்டறையிலிருந்து போகும். மதியம் அஞ்சலிக் கூடத்து மேடையில் பூவுக்கு நடுவில் இருக்கும். சாயங்காலம் தகன நிலையத்து உலைக்குள் ஆளோடு சேர்ந்து சாம்பலாகும். மூடியின் ஒரு மூலையில் பாலிஷ் திட்டாக நின்றிருந்தாலும், அடிப்பலகையில் ஓர் ஆணி சாய்ந்து இறங்கியிருந்தாலும், அந்தக் குற்றம் செய்தவருக்கும் படுத்தவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. படுத்தவர் சொல்லப் போவதில்லை. பித்தளை உருகி உலையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெட்டி உள்ளே போகும் முன் அங்கே இருக்கிற ஆள் கைப்பிடிகளை மட்டும் கழற்றி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவார். அந்தக் கைப்பிடிகள் துணிப்பையில் திரும்பி வரும். துடைத்து அடுத்த பெட்டிக்கு மாட்டினால் ஆயிற்று.

அரைநூல் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் ஒரு நூல் என்பார்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தால் மற்றவர்கள் வேலை முடிந்தது என்று கை கழுவப் போய்விடுவார்கள். இவர் ஒரு கண்ணை மூடி அந்த இடுக்கைப் பார்ப்பார். "அரை நூல் ஆகணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இழைப்புளியை எடுப்பார். முன்பு ஒரு மரச்சாமான் கடையில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு என்று ஒரு குடும்பம் சொல்லிவைத்த அலமாரியை அவர் இழைத்து முடித்தபோது அந்தக் கல்யாணத்தின் பிள்ளை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அன்றைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். ஊரில் வேறு எந்தக் கடையும் அந்தக் கதையைக் கேட்ட பிறகு அவரை உள்ளே விடவில்லை.

அப்போதுதான் மனைவியின் அண்ணன், அஞ்சலிக் கூடத்தில் சவ வண்டி ஓட்டுகிறவர், அவரை அங்கே கூட்டிப்போனார்.

"பயப்படாதே மாப்ள. இங்க வாடிக்கைக்காரன் யாரும் ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டான்."

கேட்பதற்கு அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆகவே அரைநூல் முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கப் பழகினார். ஒல்லி, நடு, தாராளம் என்று சுவரோரம் மூன்று வரிசை. யாரும் அவசரப்படுத்தாமல் இழைக்கலாம். உள்ளே வைக்கும் மெத்தையையும் சாட்டின் துணியையும் மனைவி பட்டறைக்கு மேலிருந்த மாடி வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். வாழ்க்கை ஒருவழியாகச் சமதரைக்கு வந்திருந்தது.

அதைக் கெடுத்தது கூடத்து முதலாளியின் யோசனை. முதலாளி நல்ல மனிதர். தொழில் பழக்கத்தில் சந்தோஷமான சேதியைக்கூட அனுதாபக் குரலில்தான் சொல்லுவார். ஒருநாள் பட்டறைக்கு வந்து, அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, யாரோ போய்விட்டது போன்ற குரலில் ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, இவ்வளவு நல்ல மரத்தை ஒரு மத்தியானத்துக்காக எரிக்கிறோம். வசதி இல்லாதவங்க கேட்டா பழப்பெட்டி மாதிரி ஒண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கு. பார்க்க எனக்கே சங்கடமா இருக்கு. வெளிப்பெட்டி நம்மளோடதா இருக்கட்டும். உள்ள மெல்லிசா இன்னொரு பெட்டி. ஆள் அதுக்குள்ள. அஞ்சலி முடிஞ்சதும் உள்பெட்டி மட்டும் உலைக்குப் போகணும், வெளிப்பெட்டி வீட்டுக்கு வரணும். முடியுமா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டார் அரைநூல். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது இந்த ஒரு சொல்தான் என்று மனைவி பிற்பாடு பலமுறை சொன்னாள்.

முதல் பெட்டியில் உள்பெட்டியை மேலே தூக்கி எடுக்கும்படி செய்திருந்தார். தகன நிலையத்தில் தூக்குகிறவர்கள் குனிந்து, கயிறு போட்டு, மூச்சு முட்டி இழுத்தார்கள். கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதுபோல இருந்தது என்றார் மச்சான். அடுத்த பெட்டியில், கால் இருக்கும் பக்கம் ஒரு கதவு வைத்தார். கதவைத் திறந்து உள்பெட்டியை நேராக வெளியே இழுத்துவிடலாம். ஆனால் மேலே குவித்த பூவின் தண்ணீர் இறங்கி உள்பெட்டியின் மெல்லிய பலகை ஊறி உப்பிக்கொண்டது. மழைக்கால ஜன்னல் மாதிரி சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மூன்றாவதில் சுற்றிலும் இடம் விட்டு, அடியில் உருளைகள் வைத்தார்.

இதெல்லாம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெட்டி திரும்பி வருவதுதான் தாங்க முடியவில்லை. வண்டியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே இழைப்புளியைப் போட்டுவிட்டு ஓடுவார். துணியை விலக்கிப் பார்ப்பார். ரோஜாத் தண்டின் கீறல். யாரோ மோதிரக் கையால் அடித்துக்கொண்டு அழுத இடத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மெழுகு சொட்டிய வட்டம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் உள்ளங்கை வேர்வையில் பாலிஷ் வெளுத்திருக்கும். ஒருமுறை அடிப்பக்கத்தில் ஏதோ ஒரு குழந்தை கார் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. எத்தனை வருஷமாக இந்தக் கைகளெல்லாம் தன் பெட்டிகளை இப்படித்தான் செய்துகொண்டிருந்தன, அது தெரியாமல் தான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

போதாததற்கு, குடும்பங்கள் முகம் சுளித்தன. 'இதுல ஏற்கனவே யாராவது இருந்திருக்காங்களா' என்று எல்லாரும் கேட்டார்கள். முதலாளி சுற்றி வளைத்துப் பேசுவார். அவர்களுக்குப் புரிந்துவிடும். பலர் எழுந்து போய்விடுவார்கள்.

"ஓட்டலுக்குப் போனா அந்தக் கட்டில்ல இதுக்கு முன்னாடி யாருமே படுத்ததில்லைன்னு நினைச்சா படுக்கறாங்க?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "அங்கயாவது படுத்தவன் குறட்டை விட்டு, எச்சில் ஒழுக்கியிருப்பான். இங்க படுக்கறவங்க எவ்வளவு அடக்கமானவங்க."

மூன்றாவது பெட்டிக்கு ஒருவழியாக ஒரு குடும்பம் சம்மதித்தது. இறந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அஞ்சலி நன்றாகத்தான் நடந்தது. கூடத்து வாசல் படியில், கால் பக்கம் முன்னால் போக, பெட்டியை இறக்கினார்கள். முதல் படியில் பெட்டி சாய்ந்ததும் உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். பயத்தில் ஒருவன் தன் பக்கத்தை உயர்த்த, பெட்டி இந்தப் பக்கம் சாய்ந்து, மறுபடி அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்னொரு 'டொக்.'

"இறக்குங்க" என்றான் மகன். "கீழ இறக்குங்க. அப்பா கூப்பிடறாரு."

மூடியைத் திறந்தார்கள். தபால்காரர் திறப்பதற்கு முன் எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். அவர் தம்பி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். மருமகள் மயங்கிச் சாய்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரரின் மனைவி மட்டும், "அவரு யார் வீட்டுக் கதவையும் ரெண்டு தட்டுதான் தட்டுவாரு" என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், ஓய்ந்திருந்த அழுகை முழுக்க முதலிலிருந்து தொடங்கியது.

பேய் ஒன்றும் இல்லை. உருளைகளுக்கு அரைநூல் அத்தனை பதமாக மெழுகு போட்டிருந்தார். பெட்டி சாய்ந்ததும் உள்பெட்டி வழுக்கிப் போய்க் கால்மாட்டுக் கதவை முட்டியிருந்தது. அவர் மணல்மூட்டை வைத்துப் பலமுறை சோதித்துத்தான் அனுப்பினார். ஆனால் சோதித்தது பட்டறைத் தரையில். ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்ட தரை. உலகத்தில் படிக்கட்டு என்று ஒன்று இருப்பதே அவர் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அலுவலக அறையில் சுவரோரம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நின்றிருந்தது. குளியல் தொட்டிக்கு மூடி போட்டதுபோல இருந்தது. கால்மாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கைப்பிடி. கதவு இடுக்கில் சுண்டுவிரலை விடலாம்.

"ஃபைபர்" என்றார் முதலாளி. "ஊறாது, உப்பாது, துடைச்சா போதும். கம்பெனிக்காரர் மாதிரிக்கு விட்டுட்டுப் போயிருக்கார், அடுத்த மாசம் வருவார். அதுக்குள்ள உங்க பெட்டி ஒரு தடவை சத்தமில்லாம போய், முழுசாத் திரும்பி வரணும் மேஸ்திரி. இல்லைன்னா நான் இதையே எடுத்துக்கறேன். அப்புறம் உங்ககிட்ட சொல்ல எனக்கு வேலை இருக்காது. தப்பா நினைக்காதீங்க."

அரைநூல் சாம்பல் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கிளம்பும்போது அந்த இடுக்கில் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போயிற்று. அதுதான் வழி நெடுக அவரை அரித்தது. தன் பிழைப்பு போவது ஒருபக்கம் இருக்கட்டும், இப்படி ஓர் இடுக்கு வைத்தவனிடமா அது போகவேண்டும்?

அதே வெளிப்பெட்டியைப் பிரித்தார். அடியில் ஒரு கட்டையை எழுப்பி, உள்பெட்டி அசையாமல் தடுத்தார். கால்மாட்டுக் கதவு திறந்தால்தான் கட்டை கீழே இறங்கும். கதவை மூடியபடி பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் உள்ளே எதுவும் நகராது. கதவுக்குப் பிடி கிடையாது. ஓர் இடத்தில் அழுத்தினால் தானாக வாய் திறக்கும். அந்தக் கதவைச் சட்டத்தோடு பொருத்துவதற்குத்தான் அதிகப் பாடுபட்டார். மரத்தின் ரேகை சட்டத்திலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து சட்டத்துக்கும் முறியாமல் ஓடும்படி பலகையைத் தேடி எடுத்து, இழைத்து இழைத்து, இடைவெளியை அரை நூலுக்குக் கொண்டுவந்தார். பாலிஷ் போட்டதும் அதுவும் மறைந்துபோயிற்று.

மச்சான் வந்து பெட்டியைச் சுற்றி வந்தார்.

"எங்க அழுத்தணும் மாப்ள?"

"இங்க."

"இங்கன்னா எங்க? எல்லா இடமும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அதுதானே வேலை."

"ஒரு சின்னக் கைப்பிடி வெச்சிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கால்மாட்டுல கைப்பிடி வெச்சா அலமாரி மாதிரி இருக்கும் மச்சான். மேடையில பூவுக்கு நடுவுல அலமாரியைப் படுக்க வெச்சா நல்லாவா இருக்கு?"

"சரி, தலைமாடு எது, கால்மாடு எதுன்னு ஒரு குறியாவது போடு. மூடிட்டா எனக்கே தெரியலை."

"உழக்குக்குள்ள கிழக்கு மேற்கு பார்க்கறீங்களே" என்று சிரித்துவிட்டார் அரைநூல். அழுத்தும் இடத்தை மச்சானுக்கும் தகன நிலையத்துப் பழைய ஆளுக்கும் காட்டிக்கொடுத்தார். போதும் என்று நினைத்தார்.

இந்தமுறை மணல்மூட்டையை அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வெளிப்பக்கமாக மாடிக்குப் போகும் படிக்கட்டு ஒன்று இருந்தது. கூடத்தில் தூக்குகிற ஆட்களை வரவழைத்து, தானே பெட்டிக்குள் படுத்துக்கொண்டார். மூடியைத் தாழிடாமல் வைக்கச் சொன்னார். மாடியிலிருந்து இறக்கினார்கள். உள்ளே இருட்டாக, மரமும் பசையும் மணக்க, படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். உருளை அசையவில்லை. கதவு முனகவில்லை. தூக்குகிறவர்கள் பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இந்த ஆளு இழைச்சு முடிக்கறதுக்குள்ள செத்தவனே எழுந்து, போதும்பா, நான் நடந்தே போயிடறேன்னு கிளம்பிடுவான்."

"மெதுவாப் பேசு. உள்ள இருக்காரு."

"உள்ள இருக்கறவங்க எப்பவும் கேக்கவா செய்யறாங்க?"

எதிரே சைக்கிள் கடைக்காரர், கையிலிருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். துணி வாங்கப் போயிருந்த மனைவி, சாட்டின் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது அந்த நேரம்தான். தன் வீட்டுப் படியில் ஒரு பெட்டி இறங்குவதைப் பார்த்து நின்றுவிட்டாள். முன்னால் வந்த அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் மூடியை ஒரு கை தள்ளியது. அரைநூல் எழுந்து உட்கார்ந்தார்.

"இடது பக்கம் தாழ்த்தித் தூக்கறீங்க" என்றார்.

மனைவி துணிச்சுருளைச் சைக்கிள் கடை வாசலிலேயே போட்டுவிட்டு, மாடிக்கு ஏறிப் போனாள். அன்றைக்குத் தட்டை அவர் முன்னால் வைக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பொழுது போகலைன்னா சொல்லுங்க, சீட்டு விளையாடலாம். செத்து விளையாட வேண்டாம்."

அந்த வாரத்திலேயே கூடத்துக்கு ஒரு பெண் வந்தார். மருத்துவமனையில் நர்ஸ். இறந்தது அவர் அம்மா, பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிழைத்தவர். அரைநூல் அப்போது மேடையருகே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் நேராக அவரிடம் வந்து கேட்டார்.

"அண்ணா, இதுல வேற யாராவது இருந்திருக்காங்களா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "வெளிப்பெட்டி ஒரு அலங்காரம் மாதிரிதான் மேடம், உள்ள எல்லாமே புதுசு..."

"இருந்திருக்காங்கம்மா" என்றார் அரைநூல். "கடைசியா ஒரு தபால்காரர்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் மூடியின் மேல் கையை வைத்து, நோயாளியின் நெற்றியைப் பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

"நல்லது. எங்கம்மா புதுசா எதையும் வாங்கினதில்லை. என்னை எரிச்சாப் போதும், பலகை என்ன பாவம் பண்ணுச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. பெட்டி திரும்பி வந்துரும்ல?"

"வந்துரும்மா" என்றார் அரைநூல். இந்தச் சொல்லும் 'முடியும்' மாதிரியேதான் வாயிலிருந்து சுலபமாக வந்தது.

அஞ்சலியன்று அவர் கடைசி வரிசையில் நின்றார். பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கால்மாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கதவு இருப்பது அவர் கண்ணுக்கே தெரியவில்லை. படியில் பெட்டி இறங்கியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. வண்டியில் ஏற்றி, பின்கதவைச் சாத்தினார்கள். முதலாளி அவர் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். பல மாதங்களில் முதல்தடவையாக அரைநூலுக்குப் பசித்தது.

வண்டி பொழுது சாயும்போது வந்தது. பின்கதவு திறக்கும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். அது கேட்கவில்லை. முன்கதவுதான் திறந்தது. மச்சான் இறங்கி, பட்டறை வாசலில் நின்று, ஒரு துணிப்பையை நீட்டினார். பைக்குள் பித்தளை ஒன்றோடொன்று மோதியது.

அரைநூல் பையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"பெட்டி எங்க?"

"பழைய ஆள் லீவுல போயிட்டான் மாப்ள. புதுசா ஒருத்தன் நின்னான். நான் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணோட பெரியம்மாவுக்கு மயக்கம் வந்துருச்சு. தண்ணி எடுக்க ஓடினேன். வந்து பார்க்கறேன், பை என் சீட்டுல இருக்கு."

"கதவைத் திறக்கலையா அவன்?"

"எந்தக் கதவை? சுத்திச் சுத்திப் பார்த்தானாம். தட்டியும் பார்த்தானாம். கதவும் இல்லை ஒண்ணும் இல்லை, இது பழைய மாதிரிப் பெட்டிதான்னு முடிவு பண்ணி, கைப்பிடியைக் கழட்டிட்டு உள்ள தள்ளிட்டான்."

"கண்ணு தெரியாதா அவனுக்கு? இவ்வளவு பெரிய கதவு."

"மாப்ள" என்றார் மச்சான் களைப்பாக. "அரை நூல் இடைவெளி வெச்சா, தான் ஒரு கதவுன்னு அந்தக் கதவுக்கே தெரியாது."

அரைநூல் புது ஆளைத் திட்டினார். லீவு போட்ட பழைய ஆளைத் திட்டினார். மயங்கி விழ வேறு நேரம் கிடைக்காத பெரியம்மாவைத் திட்டினார். தண்ணீர் எடுக்கப் போன மச்சானைத் திட்ட வாயெடுத்து, படிக்கட்டில் மனைவி நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். திட்ட ஆள் தீர்ந்தபோது, கையில் எடுத்திருந்த சுத்தியலை எதற்காக எடுத்தோம் என்று தெரியாமல் மேசைமேல் வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்."

முதலாளி அதைவிட மோசமாக நடந்துகொண்டார். கோபப்படவே இல்லை. "அந்தப் பொண்ணுகிட்ட பெட்டி வந்துருச்சுன்னு சொல்லிட்டேன் மேஸ்திரி. கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்று ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார். "கம்பெனிக்காரர் வரட்டும், பேசிக்கலாம்." சாம்பல் பெட்டி சுவரோரம் அப்படியே நின்றது. யாரோ அதன் சிவப்புக் கைப்பிடியில் குடையை மாட்டியிருந்தார்கள்.

அரைநூல் இன்னொன்று செய்ய உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் வருவதற்குள் முடித்துவிட்டால் ஒருவேளை முதலாளி மனம் மாறலாம். பலகை அறுத்தார், ரேகை பார்த்தார். கால்மாட்டுக் கதவை அதே அரை நூலில், அதே பிடி இல்லாத கதவாகத்தான் செய்தார். புது ஆளுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 'அதுக்கு அடுத்த புது ஆளுக்கு?' என்று மனைவி கேட்டபோது கதவில் படிந்த தூளை ஊதினார்.

பாலிஷ் போட வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது நர்ஸ் பட்டறைக்கு வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். காலணியோடு உள்ளே வரலாமா என்று தயங்கி, மரத்தூளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. அந்தப் பெட்டியை ஒரு தடவை பார்க்கணும்னு தோணுச்சு. அம்மா கடைசியா இருந்த இடம் அதுதானே. வீட்டுல அவங்க பாயைக்கூடக் கொடுத்துட்டோம்."

பிறகு சுவரோரம் நின்ற பெட்டியிடம் போய்க் கையை வைத்தார். "பாலிஷைச் சுரண்டிட்டீங்களா? ஒவ்வொரு தடவையும் புதுசாப் போடுவீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். முதலாளி சொல்லச் சொன்னதும் அதுதான். அரைநூல் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

"அது இது இல்லைம்மா. அது எரிஞ்சுபோச்சு."

நடந்ததைச் சொன்னார். புது ஆளில் ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல, அந்த ஆளின்மேல் வைத்திருந்த பழி சொல்லிலேயே நிற்காமல் வழுக்கி வழுக்கித் தன் பக்கமே வந்து முட்டியது. நர்ஸ் முக்காலியில் உட்கார்ந்து கேட்டார். அழவில்லை. முகம் மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.

"கைப்பிடி ஒண்ணு வெச்சிருந்தா என்ன?"

"அழகு கெட்டுடும்மா."

"எங்கம்மா கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பி உடைஞ்சு, கயிறு கட்டித்தான் கடைசி வரைக்கும் போட்டிருந்தாங்க. அதுலதான் ஊர்ப் புத்தகம் எல்லாம் ஒட்டினாங்க. அவங்க சொல்லிட்டுப் போனது ஒண்ணே ஒண்ணு. அதை நான் செய்யலை. உங்க அழகுக்காக." எழுந்து நின்றார். "எங்க வார்டுல எந்தக் கதவையும் இருட்டுல தடவிப் பார்த்துத் திறக்க முடியணும். திறக்கத் தெரியலைன்னா அது கதவு இல்லை அண்ணா, சுவர்."

 தேறுதலுக்காக அந்தப் பெண் நிற்கவில்லை.

அரைநூல் அந்தப் பெட்டியின் கால்மாட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு இழைப்புளியை எடுத்தார். கதவின் ஓரத்தை இழைத்தார். அரை நூல் முக்கால் நூலாயிற்று. போதும் என்று கை சொன்னது. எழுந்து பத்தடி தள்ளிப்போய் நின்று பார்த்தார். தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நூல் ஆகும்வரை இழைத்தார். எரிந்த பெட்டியிலிருந்து வந்த கைப்பிடிகளில் ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்து, கதவின் நட்டநடுவில் வைத்துத் துளை போட்டார். துளைக்கும்போது தன் பல்லையே துளைப்பதுபோல இருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கூடத்துக்குக் கொண்டுபோனபோது முதலாளி கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி இழுத்தார்.

"இதை முதல்லயே வெச்சிருக்கலாமே மேஸ்திரி."

மச்சான் அந்தப் பக்கம் திரும்பி நின்று இருமினார்.

அந்தப் பெட்டி போனது ஓர் ஓட்டுநர் பள்ளிக்காரரின் அஞ்சலிக்கு. அரைநூல் பார்க்கப் போகவில்லை. கைப்பிடி வைத்த கால்மாட்டை மேடைமேல் பார்க்க அவரால் முடியாது. பட்டறையில் ஒரே பலகையைத் திரும்பத் திரும்ப இழைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கும் வேளையில் வண்டி வந்தது. பின்கதவு திறந்தது.

"இந்தா, வந்துருச்சு" என்றார் மச்சான். "பழைய ஆளும் இல்லை, அந்தப் புது ஆளும் இல்லை, இன்னைக்கு இன்னொருத்தன். ஒரு வார்த்தை சொல்லலை நான். பார்த்தான், இழுத்தான், எடுத்தான். ஃபைபர் பெட்டிக்குள்ள இப்ப துடைப்பமும் வாளியும் வெச்சிருக்காரு முதலாளி. கம்பெனிக்காரன் வந்தா அதுக்கு வேற கோவிச்சுக்கப் போறான்."

"வந்துருச்சில்ல?" என்றாள் மனைவி படியிலிருந்து. "ஒரு தடவையாவது சிரிச்சா என்ன?"

அரைநூல் துணியை விலக்கினார். மூடியில் மெழுகு. வலது விளிம்பில் கை வைத்து நின்றவர்களின் வெளுப்பு. கைப்பிடியை இழுத்தவன் முரட்டு ஆள் போலிருக்கிறது. ஒரு திருகாணி தளர்ந்து, கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதைச் சுற்றி மரத்தில் அரைவட்டமாக ஒரு கீறல். அவர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். ஆழம்தான். உப்புத்தாளுக்குப் போகாது, இழைக்கத்தான் வேண்டும். இழைத்தால் கதவு இன்னும் மெலியும். சட்டத்தோடு சமமாக நிற்காது.

"ஒரே நாள்லயா?" என்று யாரையோ கேட்டார்.

திருப்புளியைத் தேடி எடுத்துவந்து திருகாணியை இறுக்கினார். கதவை மூடிப் பார்த்தார். சுற்றிலும் ஒரு முழு நூல் இடைவெளி, வாசலில் நின்ற மச்சானுக்கே பளிச்சென்று தெரிந்தது. அரைநூல் பெட்டியின் கால்மாட்டைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.